எழும்ப வேண்டிய பின்சக்கரம்

(காலாப்பட்டில் பொறியியல் மாணவர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புதுச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் மாநிலம் இரண்டு முறை மாறிவிடுகிறது. முத்தியால்பேட்டை தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பிள்ளைச்சாவடி வந்ததும் மறுபடி புதுச்சேரி. கனகசெட்டிக்குளம் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் துண்டு துண்டாக நிலம் பிடித்ததன் மிச்சம் இது. பெட்ரோல் எந்தப் பக்கம் மலிவு என்று இந்தச் சாலையில் போகும் பைக் ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் தெரியும். இன்று வரும்போது அப்படி ஒரு தம்பி எங்கள் பேருந்தை இடப்பக்கமாக முந்திக்கொண்டு போனார். ஹெல்மெட் முழங்கையில் தொங்கியது. அவர் இந்த அரங்கில் இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். வேகத்தைப் பற்றிப் பேசத்தான் நானும் வந்திருக்கிறேன். ஆனால் அது வேறு வேகம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘கார்ட்டிங்கிலிருந்து ஃபார்முலா ஒன் வரை: நரேன் கார்த்திகேயன்’. தலைப்பைக் கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன். குறிப்பெடுக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. நரேன் கார்த்திகேயனின் பந்தய வாழ்க்கை கார்ட்டிங்கில் தொடங்கவில்லை. நேராக ஒற்றை இருக்கைக் காரில் தொடங்குகிறது. கொடுத்த தலைப்பில் பாதி தப்பு. அந்தத் தப்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் கார்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல்வெட்டும் இயந்திரத்தின் மோட்டாரை எடுத்து இரும்புக்குழாய்ச் சட்டத்தில் மாட்டி ஓட்டிப் பார்த்தார். அதுதான் முதல் கார்ட். பொழுதுபோக்குப் பூங்காக்களில் டயர் அடுக்கிய வளைவுகளுக்குள் நீங்கள் ஓட்டியிருப்பீர்களே, அது இதன் சாதுவான தம்பி. பந்தயக் கார்ட் வேறு ஜாதி. அதில் சஸ்பென்ஷன் கிடையாது. டிஃபரன்ஷியலும் கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கிப் பொருத்தியவை.

மெக்கானிக்கல் மாணவர்கள் உடனே கேட்க வேண்டும்: டிஃபரன்ஷியல் இல்லாமல் எப்படித் திரும்பும்? வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்சக்கரம் குறைந்த தூரம். இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுற்றினால் வண்டி நேராகத்தானே போகப் பார்க்கும்? அப்படித்தான் போகப் பார்க்கும். அதனால்தான் கார்ட்டில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். முன்சக்கரங்களின் திருப்பு அச்சைப் பின்பக்கமாகச் சாய்த்திருப்பார்கள், அதுதான் கேஸ்டர் கோணம். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் இடது முன்சக்கரம் தரையை அழுத்தும். சட்டம் முறுக்கிக்கொள்ளும். அதே பக்கம் இருக்கும் இடது பின்சக்கரம் தரையை விட்டு ஒரு இழை எழும்பும். அந்தக் கணத்தில் வண்டி மூன்று சக்கரத்தில் நின்று திரும்புகிறது. சக்கரம் அதிகம் எழும்பினாலும் நேரம் போய்விடும், எழும்பாவிட்டாலும் போய்விடும். எவ்வளவு எழும்புகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. இடுப்பெலும்பால் உணர வேண்டும்.

எட்டு வயதுப் பிள்ளை இதைக் கற்றுக்கொள்கிறது. சூத்திரமாக இல்லை, நீச்சல் கற்பது மாதிரி. நமக்குக் கடலோரக் குப்பத்துப் பிள்ளைகளைத் தெரியும்தானே? அலை எந்த இடத்தில் உடையும் என்று யாரும் அவர்களுக்குப் பாடம் எடுப்பதில்லை. இருபது வயதில் நீச்சல் கற்பவரும் நீந்துவார். அவர் தண்ணீரைப் பற்றி யோசித்துக்கொண்டு நீந்துவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி இரண்டு அப்பாக்களின் கதையைச் சொல்கிறேன்.

ஒருவர் கோயம்புத்தூர் ஜி. ஆர். கார்த்திகேயன். தேசிய ராலி சாம்பியனாக இருந்தவர். தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். அவர் மகன் நரேன் பிறந்தது 1977 ஜனவரி 14, தை மாதப் பிறப்பு நேரம். இன்னொருவர் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியைச் சேர்ந்த ஜான் பட்டன். அவரும் ராலிகிராஸ் ஓட்டியவர்தான். அவர் மகன் ஜென்சன் பட்டன், நரேனுக்கு மூன்று வயது இளையவர். இரண்டு வீட்டிலும் கார்ப் பேச்சு, கிரீஸ் வாசனை, மகனைத் தன்னைவிடப் பெரிய ஓட்டுநராக்க வேண்டும் என்ற அப்பாவின் ஆசை. இதுவரை கதை ஒன்று.

ஜான் பட்டன் ஏழு வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு கார்ட் வாங்கித் தந்தார். அதை ஓட்ட கிளே பிஜன் என்ற கார்ட் தளம் இருந்தது. சிறுவர்களுக்கென்று கேடட் பிரிவு இருந்தது, அதற்கு விதி, நடுவர், கோப்பை எல்லாம் இருந்தன. 1991இல் பிரிட்டிஷ் கேடட் சாம்பியன்ஷிப்பில் நடந்த 34 பந்தயங்களில் 34ஐயும் அந்தப் பையன் வென்றான். பதினோரு வயது.

அதே வயதில் நரேனுக்குக் கோயம்புத்தூரில் என்ன இருந்தது? அப்பாவின் ராலிக் கார் இருந்தது. சிறுவர்கள் ஏறுவதற்கான ஒழுங்கான கார்ட் தொடர் இந்தியாவிலேயே இல்லை. ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அவருடைய உறவினர் எஸ். கரிவர்தன் ஒருவர் இருந்தார்.

இந்த மனிதரைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நரேனை எல்லோருக்கும் தெரியும், கரிவர்தனைத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் வருவதற்கு முன் நம் பக்கத்துப் பந்தயம் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருடா வருடம் பந்தயம் நடத்தியது. நான் சிறுவனாக இருந்தபோது என் சித்தப்பாவோடு ஒருமுறை போயிருக்கிறேன். பிப்ரவரி வெயில், கண்ணில் விழும் புழுதி, வைக்கோல் கட்டு, டீக்கடைக் கூட்டம், எந்த வண்டி முன்னால் போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது ஒன்றும் காதில் விழாது. ஃபியட், அம்பாசடர், வெளிநாட்டிலிருந்து பணக்காரர்கள் இறக்கிய ஒன்றிரண்டு கார்கள். பணம் உள்ளவர் வாங்கிய எஞ்சினுக்கும் இல்லாதவர் சரிசெய்த எஞ்சினுக்கும் நடந்த போட்டி அது. ஓட்டுபவரின் திறமை என்ன என்று தனியாகப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

கரிவர்தன் அதைத்தான் மாற்றினார். எண்பதுகளின் இறுதியில், தெருவெல்லாம் ஓடிய மாருதி 800இன் எஞ்சினை எடுத்துக்கொண்டார். மூன்று சிலிண்டர், 796 சிசி. அதைச் சுற்றிக் கோவைப் பட்டறையில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். பெயர் ஃபார்முலா மாருதி. எல்லாருக்கும் ஒரே எஞ்சின், ஒரே சட்டம். இப்போது முன்னால் வருபவன் கையால் வருகிறான். உதிரிபாகம் ஊருக்கு ஊர் மாருதிக் கடையில் கிடைக்கும். நம் நாட்டு ஃபார்முலா பந்தயத்தின் ஏணியில் மனிதர் ஏறத்தக்க முதல் படியை ஆணியடித்துப் பொருத்தியவர் அவர்தான் என்று நான் நினைக்கிறேன். மோட்டாரும் பம்பும் வார்ப்படமும் செய்யும் ஊர் கோவை. அந்தப் படி அங்கே பிறந்ததில் வியப்பில்லை. 1995இல் சிறு விமான விபத்தொன்றில் அவர் இறந்துபோனார். இன்று செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் ஓடுகிறது. உங்களில் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டுகிறவர்கள் அந்தத் தளத்தில்தான் ஓட்டுவீர்கள். நுழைவாயிலில் உள்ள அந்தப் பெயர் யாருடையது என்று இனிமேல் யாராவது கேட்டால் சொல்லிவிடலாம்.

நரேனின் முதல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில், ஃபார்முலா மாருதியில். மேடை ஏறினார். ஆனால் அதற்குள் வயது பதினைந்தை ஒட்டி. பட்டன் அந்த வயதில் எட்டு வருட அனுபவக்காரர்.

இங்கே உங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு வருகிறது. 1992இல் நரேன் போனது பிரான்ஸுக்கு. எல்ஃப் வின்ஃபீல்ட் ஓட்டுநர் பள்ளி. அலென் ப்ரோஸ்ட் வெளிவந்த பள்ளி அது. அங்கே நடந்த பிலோத் எல்ஃப் தேர்வில் ஃபார்முலா ரெனோ காரில் அரையிறுதி வரை போனார். மோட்டார் பந்தயத்தின் பேச்சில் பாதி பிரெஞ்சுதான். 1906 ஜூனில் லெ மான் நகரில் முதல் ‘கிராண்ட் ப்ரி’ நடந்தபோது புதுச்சேரியும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. சென்னையில் இன்னும் சில அறிவிப்பாளர்கள் ‘ப்ரிக்ஸ்’ என்கிறார்கள். கடைசி எழுத்தை விழுங்க வேண்டும் என்று புதுச்சேரியில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதன்பின் இங்கிலாந்து. 1993இல் ஃபார்முலா வாக்ஸ்ஹால் ஜூனியர், 1994இல் ஃபார்முலா ஃபோர்ட். அந்த வருடக் குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவில் பந்தயத் தொடர் ஒன்றை வென்ற முதல் இந்தியர். 1996இல் ஃபார்முலா ஏசியா பட்டம். நடுநடுவே ஊருக்குத் திரும்புவது, பணம் தேடுவது, மறுபடி கிளம்புவது. இந்த வருடங்களை நான் வேகமாகக் கடக்கிறேன். அவர் கடந்தது அவ்வளவு வேகமாக இல்லை.

1999க்கு வருவோம். பிரிட்டிஷ் ஃபார்முலா 3. கோவைப் பையனும் சாமர்செட் பையனும் ஒரே தளத்தில். அந்த வருடம் பிராண்ட்ஸ் ஹாட்ச் தளத்தில் நரேன் இரண்டு பந்தயம் வென்றார். பட்டனும் அதே தொடரில் ஓட்டிக்கொண்டிருந்தவர்தான். தொடரின் முடிவில் பட்டன் மூன்றாம் இடம், நரேன் ஆறாம் இடம். ஆக, இருவருக்கும் திறமையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம் இல்லை. ஆனால் 2000 மார்ச்சில் பட்டன் இருபது வயதில் வில்லியம்ஸ் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டுகிறார். நரேன் ஃபார்முலா 3இல் இன்னொரு வருடம். ஒட்டுமொத்தமாக நான்காம் இடம். மக்காவ் கிராண்ட் ப்ரியில் முதல் இடத்திலிருந்து புறப்படும் தகுதி. மக்காவ் என்பது இருபக்கமும் சுவர் நெருக்கும் தெருத்தளம், அங்கே ஒரு சுற்றில் மற்ற எல்லாரையும்விட வேகமாக ஓட்டுவது சாதாரணமில்லை. பந்தயத்தை வென்றவர் வேறொருவர்.

இது என் கணிப்பு, மறுப்பவர்கள் மறுக்கலாம்: ஒற்றைச் சுற்று வேகத்தில் நரேன் யாருக்கும் குறைந்தவரில்லை. கூட்டத்துக்குள் சக்கரத்தோடு சக்கரம் உரச நுழைந்து, டயரையும் காத்துக்கொண்டு, முப்பது சுற்று ஓட்டும் அந்தச் சாமர்த்தியத்தில்தான் அவருக்கு வருடங்கள் குறைந்தன. அது கார்ட்டில் சேர்வது. பத்து வயதில் ஒரு நாளில் ஆறு பந்தயம் ஓட்டி, மோதி, அழுது, மறுபடி ஏறி உட்கார்ந்து சேர்ப்பது.

‘தகுமா சாடோ தாமதமாக வந்தாரே?’ என்று விஷயம் தெரிந்த யாராவது கேட்கலாம். உண்மைதான். அந்த ஜப்பானியர் பள்ளிக்காலத்தில் சைக்கிள் பந்தயக்காரர். இருபது வயதுக்குப் பக்கத்தில்தான் மோட்டார் பந்தயத்துக்கு வந்தார். 2001இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 சாம்பியன், 2002இல் ஃபார்முலா ஒன், பிறகு அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் 500ஐ 2017இலும் 2020இலும் வென்றார். ஆனால் சாடோவை வளர்த்தது சுசுகா தளத்து ஓட்டுநர் பள்ளி. அதன் பின்னால் நின்றது ஹோண்டா. முதல் படியைத் தவறவிட்டவரைத் தூக்கி மூன்றாம் படியில் வைக்க அங்கே ஒரு நிறுவனம் இருந்தது. நரேனுக்குப் பின்னாலும் டாடாவும் ஜே.கே. டயரும் பாரத் பெட்ரோலியமும் வந்தார்கள், நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் விளம்பரதாரர்கள். சொந்தமாகப் பந்தய எஞ்சின் செய்து, சொந்த ஓட்டுநரை அதில் உட்காரவைக்கும் நிறுவனம் அன்று நம்மிடம் இல்லை.

2001 ஜூன் 14, சில்வர்ஸ்டோன். ஜாகுவார் அணியின் காரில் சோதனை ஓட்டம். ஃபார்முலா ஒன் காரை ஓட்டிய முதல் இந்தியர். அங்கிருந்து பந்தய இருக்கை வரை போக இன்னும் நான்கு வருடம் ஆனது. இடையில் மினார்டி அணியில் வாய்ப்பு வந்தது, வேண்டிய பணம் திரளவில்லை. கடைசியில் 2005 பிப்ரவரி 1 அன்று ஜோர்டான் அணியில் இடம் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. மார்ச் 6, மெல்பர்ன். மழை குழப்பிய தகுதிச்சுற்றில் 12ஆம் இடம், பந்தயத்தில் 15. வயது 28. பட்டனுக்கு அது ஆறாவது ஃபார்முலா ஒன் பருவம்.

அந்த வருடம் ஜூன் 19, இண்டியானாபோலிஸ். இதைச் சொல்லாமல் விட்டால் என்னை விடமாட்டீர்கள். அந்த ஆண்டு விதிப்படி தகுதிச்சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர்தான். சாய்தளமாக எழும்பிய 13ஆம் வளைவின் சுமையை மிஷ்லின் டயர் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை முன்னோட்டச் சுற்று முடிந்ததும் மிஷ்லின் அணிகளின் 14 கார்களும் வரிசையாகப் பிட்டுக்குள் போய்விட்டன. மிச்சம் பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறே கார். நரேன் நான்காவது. 5 புள்ளி. ஃபார்முலா ஒன்னில் அவர் வாங்கிய மொத்தப் புள்ளியும் அதுதான்.

‘ஆறு பேரில் நாலாவதா?’ என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அதே ஜோர்டான் காரில் தியாகோ மொன்டெய்ரோ மூன்றாவதாக வந்தார் என்பதும் உண்மை. ஆனால் அந்த ஆறு இருக்கையில் ஒன்றில் உட்கார்ந்திருக்க ஒருவர் பன்னிரண்டு வருடம் அலைந்திருக்க வேண்டும். அதை யாரும் புள்ளியாக எழுதுவதில்லை. அவரை எடைபோட மெல்பர்னின் 12ஆம் இடம் இன்னும் நல்ல தராசு என்பேன்.

பிறகு வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநர். 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயில் ஏ1 ஜிபி தொடரில் ஒரு வெற்றி. 2010இல் பத்மஸ்ரீ. 2011, 2012இல் ஹெச்.ஆர்.டி. என்ற ஸ்பானிய அணி. கார் அவ்வளவு மெதுவானது, இரண்டு வருடமும் மெல்பர்னில் தகுதி நேரத்துக்குள்ளேயே வரவில்லை. 2012 மலேசியாவில் மழை கொட்டியபோது மட்டும், முழு மழை டயரோடு புறப்பட்ட நரேன் கொஞ்ச நேரம் பத்தாம் இடத்தில் இருந்தார். அதே பந்தயத்தில் பிறகு ஜெர்மன் ஓட்டுநர் வெட்டலோடு உரசல். வெட்டல் ஜெர்மன் தொலைக்காட்சியில் கோபத்தில் அவரை வெள்ளரிக்காய் என்றார். ஜெர்மனியில் மோசமான ஓட்டுநருக்கு அப்படி ஒரு பட்டம் உண்டாம். நம்மூரில் வெயில் காலத்தில் உப்பு மிளகாய்த்தூள் போட்டுச் சாப்பிடும் பொருளை வைத்து எப்படித் திட்டுவது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அவருக்குப் பின் வந்தவர் சென்னை கருண் சந்தோக். தாத்தா இந்து சந்தோக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். மூன்று தலைமுறைப் பந்தயக் குடும்பம். 2010இல் ஃபார்முலா ஒன். அதன்பிறகு வந்த பிள்ளைகள் வேறு மாதிரி. மும்பை ஜெஹான் தாருவாலாவும் பெங்களூரு குஷ் மைனியும் சிறுவயதிலேயே கார்ட்டில் ஏறியவர்கள், ஐரோப்பாவிலும் ஓட்டியவர்கள். ஜெஹான் 2020இல் ஃபார்முலா 2 பந்தயம் வென்றார். குஷ் 2025 மே மாதம் மொனாக்கோவில் ஃபார்முலா 2 ஸ்பிரின்ட் வென்றார். நம் பிள்ளைகளுக்கு முதல் படி கிடைத்துவிட்டது. இப்போது கடைசிப் படியில் பணம் கேட்கிறார்கள், அது வேறு சொற்பொழிவு.

(அரங்கின் பின்பக்கமிருந்து ‘அஜித்’ என்று குரல்கள்.)

வருகிறேன், வருகிறேன். அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. 2003இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஏசியா, 2010இல் ஃபார்முலா 2 என்று விட்டு விட்டு ஓட்டியவர். ஐம்பது தாண்டியும் அவருக்கு அந்த ஆசை அடங்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் சினிமாவில் சம்பாதித்து, தன் ஏணியைத் தானே வாங்கிக்கொண்டவர். எல்லா வீட்டிலும் அது நடக்காது. உங்கள் வீட்டிலும் நடக்காது, என் வீட்டிலும் நடக்கவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று அவைத்தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அரங்கின் வாசலில் உங்கள் மாணவர்கள் கட்டிய கார்ட் ஒன்று நிற்கிறது. நான் உள்ளே வரும்போது ஒரு தங்கையை அதில் உட்காரச் சொல்லி ஸ்டீயரிங்கை முழுக்க இடப்பக்கம் திருப்பச் சொன்னேன். இடது பின்சக்கரம் எழும்பவில்லை. கேஸ்டர் போதவில்லையா, சட்டம் முறுக்கவே முடியாத அளவுக்கு வெல்டிங்கில் குறுக்குக்குழாய் கூடிவிட்டதா என்று பார்க்க வேண்டும். எனக்குக் குழாய் மேல்தான் சந்தேகம். கேள்விகளை அங்கேயே வைத்துக்கொள்ளலாம், யாராவது ஒரு ஸ்பேனர் செட் மட்டும் கொண்டுவாருங்கள்.